பெட்டி முதலில், உயிர் பிறகு

மன்ற மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர் குழுவினர் என்னைக் கேட்டனர். இயற்பியல் முதுகலை மாணவன் ஆயிற்றே, அணுவைப் பற்றியோ விண்மீன்களைப் பற்றியோ எழுதுவான் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். நான் எழுத எடுத்துக்கொண்டது ஓர் ஓணானைப் பற்றி. சிரிக்க வேண்டாம், நண்பர்களே! நான் கற்ற இயற்பியலில் எவ்வளவு எனக்குள் இறங்கியிருக்கிறது என்பதை எந்தப் பேராசிரியரும் சோதித்துக் காட்டவில்லை. அந்த ஓணான்தான் சோதித்துக் காட்டிற்று. அந்தத் தேர்வில் நான் தோற்றேன். தோற்ற கதையைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் மன்றத்து நண்பர்கள் மூவர் இந்தக் குளிர்காலத்தில் ஆளுக்கொரு ஓணான் வாங்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஆகவே சொல்லித்தான் ஆகவேண்டும்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, குடைகிறதே குத்துகிறதே என்று அலறியவனைப் பற்றி நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் நாம் அந்த மனிதனைப் பார்த்துச் சிரிக்கிறோம். வேட்டிக்குள் அகப்பட்ட ஓணான் என்ன பாடுபட்டது என்று எவரேனும் கேட்டதுண்டா? நானும் கேட்டதில்லை.

மாடி அறைக்கு வந்த விருந்தாளி

தில்லியில் நானும் என் தோழன் ஒருவனும் பல்கலைக்கழகத்துக்கு அருகில் ஒரு மொட்டைமாடி அறையில் குடியிருக்கிறோம். 'பர்சாத்தி' என்று இங்கே சொல்வார்கள். மே மாதத்தில் அது அடுப்பு, ஜனவரியில் அது பனிக்கட்டிப் பெட்டி. வாடகை குறைவு என்பது ஒன்றே அதன் பெருமை.

சென்ற ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் தோழன் கையில் ஒரு கண்ணாடிப் பெட்டியுடன் வந்தான். உள்ளே ஒரு சாண் நீளத்தில் மணல் நிறத்தில் ஓர் உயிர். கழுத்தின் கீழே முள் முள்ளாக ஒரு தாடி. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிப் பாலைநிலத்துக்கு உரிய ஓணான் இனம் அது. 'பியர்டட் டிராகன்' என்று கடையில் சொன்னார்களாம். நாங்கள் அதைத் 'தாத்தா' என்று அழைக்கத் தொடங்கினோம். கடைக்காரர் பெட்டியையும், மின்சாரத்தால் சூடாகும் ஒரு போலிக் கல்லையும், நீல ஒளி வீசும் ஓர் எல்.இ.டி. பட்டையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். "இது போதும், வேறொன்றும் வேண்டாம்" என்பது அவர் வாக்கு.

"ஓணானுக்கு என்னடா வேண்டும்? வெயில்தானே! நம் ஜன்னலில் இல்லாத வெயிலா?" என்றான் தோழன்.

"ஆமாம். தெற்குப் பார்த்த ஜன்னல். பகல் முழுவதும் வெயில் விழும்" என்றேன் நான்.

இரண்டடி நீளமுள்ள அந்தப் பெட்டியை மூடிய கண்ணாடி ஜன்னலின் ஓரத்தில் வைத்தோம். நாள்தோறும் நான்கு மணி நேரம் வெயில் பெட்டிக்குள் பளபளத்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

நவம்பர் போயிற்று. டிசம்பரில் தில்லிக் குளிர் தன் வேலையைத் தொடங்கிற்று. இரவில் 7, 8 டிகிரி என்று வெப்பமானி இறங்கியது. தாத்தா சூட்டுக் கல்லை விட்டு அசைவதில்லை. பாவம், குளிர்கிறது என்று பெட்டியின் மேல்மூடியைப் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடினோம். உள்ளே கண்ணாடியில் நீர்த்துளி அரும்பியது. வாடை அடித்தது. இரை தின்பது குறைந்தது. ஜனவரியில் ஒரு நாள் அது நடக்க முயன்றபோது பின்னங்கால்கள் வெடவெடவென்று நடுங்கின. வலக்கால் வளைந்திருந்தது. புரட்டிப் பார்த்தால் வயிற்றில் ஒரு தீப்புண். முதுகு குளிரில் விறைக்க, வயிறு கல்லின் மேல் வெந்துகொண்டிருந்திருக்கிறது! மேலிருந்து வரும் வெயிலை நாடிப் பழகிய இனம் அது. கீழே இருந்து வயிற்றைச் சுடும் சூட்டிலிருந்து விலகிக்கொள்ள அதற்குச் சரியாகத் தெரிவதில்லை.

கண்ணாடி வழியாகவா?

விலங்கியல் துறையில் ஆராய்ச்சி செய்யும் தமிழ்ப் பெண்மணி ஒருவர் நம் மன்றத்தில் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் அக்காதான். அவரையும் அழைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். மருத்துவர் தாத்தாவின் தாடையை இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். ரப்பரைப்போல் வளைந்து கொடுத்தது. எலும்பு அல்லவா, வளையலாமா? வளைந்தது.

"என்ன வெளிச்சம் கொடுக்கிறீர்கள்?" என்று அவர் இந்தியில் கேட்டார்.

"வெயில் ஐயா. நாள்தோறும் நான்கு மணி நேரம், ஜன்னல் வழியாக" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ இயற்பியல்தானே படிக்கிறாய்? கண்ணாடி வழியாகவா?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் நான் குன்றிப்போனேன். போன பருவத் தேர்வில், நிறமாலை பற்றிய வினாவுக்கு நான் எழுதிய விடை நினைவுக்கு வந்தது. புற ஊதாக் கதிரை ஆராய்வதற்குக் கண்ணாடி முப்பட்டகம் உதவாது, படிகக் கல்லாகிய குவார்ட்ஸ் முப்பட்டகமே வேண்டும், ஏனெனில் சாதாரணக் கண்ணாடி அக்கதிரை விழுங்கிவிடும் என்று அழகாகப் படம் போட்டு எழுதியிருந்தேன். முழு மதிப்பெண்ணும் வாங்கினேன். விடைத்தாளில் இருந்த அந்தக் கண்ணாடியும் என் அறை ஜன்னலில் இருந்த கண்ணாடியும் ஒன்றே என்று எனக்குத் தோன்றவே இல்லை!

விஷயம் இதுதான். வெயிலில் கண்ணுக்குத் தெரியும் ஒளி உண்டு, தோலுக்குத் தெரியும் வெப்பம் உண்டு, இரண்டுக்கும் தெரியாத புற ஊதாக் கதிரும் உண்டு. அந்தக் கதிரில் ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளம் உள்ள பகுதி தோலில் படும்போது, அங்குள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி-யின் முன்வடிவமாக மாறுகிறது. பின்னர் உடம்பின் சூட்டினால் அந்த முன்வடிவம் வைட்டமின் டி ஆகிறது. அது இருந்தால்தான் உண்ட உணவின் சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்கும். இல்லையேல், இரத்தத்துக்கு வேண்டிய சுண்ணாம்பை உடல் தன் எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்ளும். தாடை ரப்பராவது அதனால்தான். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடுகிறது, வெப்பத்திலும் பெரும்பங்கை விடுகிறது. நான் சொன்ன அந்தப் பகுதியைமட்டும் ஏறக்குறைய முழுவதுமே தடுத்துவிடுகிறது. நாங்கள் நான்கு மாதம் தாத்தாவுக்குக் காட்டியது வெயிலை அன்று, வெயிலின் படத்தை!

இது புதிய செய்தியும் அன்று. புகை மூடிய ஐரோப்பிய நகரங்களில் எலும்பு வளைந்த குழந்தைகள் ஏராளமாக இருந்த காலத்தில், 1919-ஆம் ஆண்டில், பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் குவார்ட்ஸ் பாதரச விளக்கின் ஒளியைக் காட்டி அந்த நோயைக் குணப்படுத்தினார். நூறாண்டுக்கு முன்பே மனிதக் குழந்தையிடம் கற்ற பாடத்தை நான் ஓர் ஓணானிடம் மறுபடியும் கற்கவேண்டியதாயிற்று.

கோவில்பட்டி வேலியில் கண்டது

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கரிசல்காட்டு வேலி நினைவுக்கு வந்தது. கோவில்பட்டிக்கு அருகே எங்கள் கிராமத்தில் பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் முள்வேலி. காலை ஒன்பது மணிக்கு வேலிக்கொம்பின் உச்சியில் ஓணான் தலையைத் தூக்கி, உடம்பை வெயிலுக்குப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு கிடக்கும். மணியடித்து மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது பார்த்தால் கொம்பு காலியாக இருக்கும். அது வேலியின் அடி நிழலுக்குப் போயிருக்கும். மாலையில் மீண்டும் மேலே. நாங்கள் கல்லெறிந்து விளையாடினோமே தவிர, ஏன் அது ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

நம் உடம்பு உள்ளே உணவை எரித்துத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்கிறது. ஓணானுக்கு அந்த அடுப்பு இல்லை. அதன் அடுப்பு வானத்தில் இருக்கிறது. ஆனாலும் வெயில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும் உயிர் அன்று அது. அமெரிக்காவில் ரேமண்ட் கோல்ஸ், சார்லஸ் போகர்ட் என்ற இருவர் பாலைநிலத்து ஊர்வனவற்றை ஆராய்ந்து 1944-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் நிலைநாட்டிற்று. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நடந்தே அவை தம் உடற்சூட்டை ஒரு குறுகிய அளவுக்குள் வைத்துக்கொள்கின்றன. தாத்தாவின் இனம் விரும்பும் உடற்சூடு 35, 36 டிகிரி அளவு. செரிமானம், ஓட்டம், நோயை எதிர்க்கும் வலிமை எல்லாம் அந்த அளவை ஒட்டியே நடக்கின்றன. உடற்சூடு 40-ஐ மிகவும் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

அப்படியானால் ஓணானின் உரிமை என்ன? வெயில் அன்று, நிழலும் அன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழிதான் அதன் உரிமை. பெட்டியில் அடைத்த அன்றே அந்த வழியை நாம் பறித்துக்கொள்கிறோம். பறித்தவன் ஈடு செய்ய வேண்டாமா? பெட்டிக்குள் வெப்பமும் ஒளியும் காற்றும் அமைப்பது அழகுக்காகச் செய்யும் அலங்காரம் என்று கடையில் எண்ணவைக்கிறார்கள். அது நாம் பட்ட கடன், நண்பர்களே! கடனை அடைக்க வகையில்லாதவன் கடன் வாங்கலாகாது.

கடனை அடைக்கும் வகை

வெறுமனே வாங்காதே என்று சொல்லிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. எப்படி அமைக்க வேண்டும் என்பதை நாங்கள் பட்டறிந்தவரை சொல்கிறேன். கேட்ட பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, இடம். வளர்ந்த தாடி ஓணான் ஒன்றரை அடிக்கு மேல் நீளும். அதற்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரமுள்ள பெட்டியாவது வேண்டும். ஓடியாடுவதற்கு மட்டும் அன்று. இரண்டடிப் பெட்டியில் ஒரு கோடியைச் சூடாக்கினால் மறுகோடியும் சூடாகிவிடும். வெயிலும் நிழலும் பிரிந்து நிற்பதற்கே நீளம் வேண்டும். நாங்கள் மரப்பலகையால் பெட்டி செய்து, முன்பக்கம் மட்டும் கண்ணாடிக் கதவு வைத்தோம். மரம் சூட்டை எளிதில் வெளியே விடாது.

இரண்டாவது, வெப்பம். அது மேலிருந்து வரவேண்டும், ஒரு கோடியில் மட்டும் விழவேண்டும். பழைய இழை விளக்கும் ஹாலஜன் விளக்கும் இதற்கு ஏற்றவை. ஏறக்குறைய 2,800 கெல்வின் சூட்டில் எரியும் இழையிலிருந்து வரும் கதிரின் உச்சம் ஒரு மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி இருக்கும். வீட்டுக்கு வெளிச்சம் தரும் விளக்கு என்ற முறையில் அது வீண்செலவு. வெயில் காயும் ஓணானுக்கு அதுவே வரம். எல்.இ.டி. பட்டையோ வெளிச்சம் தருமே தவிர, வெயில் காய உதவாது. விளக்கின் கீழே ஒரு தட்டைக் கல்லோ மரக்கட்டையோ வைத்து, அதன் மேற்பரப்பு 40 டிகிரியை ஒட்டி நிற்குமாறு விளக்கின் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். மறுகோடி 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். விளக்கை ஓணான் தொடாதபடி கம்பிக்கூடு இடவேண்டும். சூடு மிகுந்தால் தானே மின்சாரத்தைக் குறைக்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம் வேண்டும். கை வைத்துப் பார்த்து, "சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லும் பழக்கம் வேண்டாம். நம் கை 37 டிகிரி உடம்பில் இருக்கிறது. அது பொய் சொல்லும். இரண்டு கோடியிலும் வெப்பமானி வேண்டும்.

இரவில் எல்லா விளக்கும் அணைய வேண்டும். சிவப்பு விளக்கு ஓணானுக்குத் தெரியாது என்று சொல்லி விற்கிறார்கள். அது தவறு. அதற்குச் சிவப்பு நிறம் நன்றாகவே தெரியும், உறக்கம் கெடும். இரவில் 18, 20 டிகிரிவரை இறங்குவதை அந்த இனம் தாங்கும். தில்லி மாடி அறையில் 8 டிகிரிக்கு இறங்குவதைத் தாங்காது. ஆகவே ஒளியின்றிச் சூடு மட்டும் தரும் பீங்கான் வெப்பக்குமிழ் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஒளி. புற ஊதாக் கதிர் தருவதற்கென்றே செய்த குழல்விளக்கு வேண்டும். பெட்டியின் ஏறக்குறைய பாதி நீளத்துக்கு, வெப்ப விளக்கு இருக்கும் கோடியிலேயே அதையும் அமைக்க வேண்டும். இயற்கையில் ஒளியும் வெப்பமும் ஒரே இடத்திலிருந்துதானே வருகின்றன? குளிர்ந்த கோடியில் இரண்டும் குறைந்திருந்தால் ஓணான் தனக்கு வேண்டிய அளவைத் தானே நடந்து தேர்ந்துகொள்ளும். தூரத்தைக் கவனியுங்கள். நீண்ட குழல்விளக்குக்கு மிக அருகில், தூரம் இரட்டித்தால் கதிர் ஏறக்குறைய பாதியாகும். விலகி நின்றால் கால்பங்காகும். இடையில் கம்பிவலை இருந்தால் கணிசமான பங்கை அதுவும் தடுக்கும். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் என் கதைதான் உங்கள் கதை. இன்னொன்று: இக்குழல் கண்ணுக்கு ஒழுங்காக எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் உள்ளே புற ஊதாக் கதிர் தேய்ந்துகொண்டே வரும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும். எரிகிற விளக்கை எடுத்தெறிய மனம் வராதுதான். எங்களுக்கும் வரவில்லை. அக்கா கண்டித்த பின்பே மாற்றினோம்.

"வைட்டமினை மருந்தாகவே கொடுத்தால் என்ன?" என்று கேட்பீர்கள். மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். அளவு மிஞ்சினால் அது நஞ்சு. கதிரால் தோலில் உண்டாகும்போது அந்த அச்சம் இல்லை. மிகுதியாகும் முன்வடிவத்தை அதே ஒளி பயனற்ற வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது.

நான்காவது, காற்று. நாங்கள் செய்த பெரும்பாவம் இங்கேதான். சூட்டைக் காப்பதாக எண்ணிக் காற்றை அடைத்தோம். அசையாத ஈரக்காற்றில் பூஞ்சை வளரும், நுரையீரலில் நோய் பற்றும். இதற்கு விசிறி ஒன்றும் வேண்டாம். நம் ஊர் ஓட்டு வீட்டின் புகைக்கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த கோடியின் கீழ்ப்பக்கம் ஒரு வரிசைத் துளை, சூடான கோடியின் மேற்பக்கம் ஒரு வரிசைத் துளை. சூடான காற்று மேலே ஏறி வெளியே போகும், அந்த இடத்தை நிரப்பக் கீழ்த்துளை வழியாகப் புதுக்காற்று வரும். பெட்டி தானாகவே மூச்சுவிடும். தாடி ஓணான் வறண்ட நிலத்து உயிர். பச்சை இகுவானா என்னும் மரவாழ் இனத்துக்கோ ஈரக்காற்று மிகுதியாக வேண்டும். ஆகவே எந்த உயிர் என்று தெரியாமல் பெட்டி செய்வது, ஆள் தெரியாமல் சட்டை தைப்பது போல்தான்.

இதெல்லாம் ஆகிற காரியமா என்று மலைக்க வேண்டாம். 1927-இல் திறக்கப்பட்ட லண்டன் விலங்குக் காட்சிசாலையின் ஊர்வன இல்லத்தில், கூட்டுக்குக் கூடு வேறுபட்ட மின்வெப்பத்தை அமைத்து வழிகாட்டியவர் ஜோன் பிராக்டர் என்ற பெண்மணி. நோயாளியாகவே வாழ்ந்து, 1931-இல் தம் 34-ஆம் வயதில் மறைந்தவர் அவர். அவர் காலத்தில் கிடைக்காத கருவிகள் இன்று நமக்குக் கடையில் கிடைக்கின்றன. கிடைக்காதது ஒன்றே. அது பொறுமை.

கேட்கப்படும் கேள்விகள்

"இது பணக்கார விளையாட்டு அல்லவா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 வாட் வெப்ப விளக்கும் 24 வாட் குழல்விளக்கும் நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய 1.2 யூனிட். மாதம் 36 யூனிட். குளிர்கால இரவுச் செலவு தனி. மின்கட்டணம் ஒன்றும் ஆளை அடிக்காது. விளக்கும் தெர்மோஸ்டாட்டும் வாங்கத்தான் பணம் வேண்டும். எங்களுக்கு அது ஓணானின் விலையைவிட மிகுதியாக ஆயிற்று. ஓணானை வாங்கும் பணம் மட்டும் கையில் இருப்பவன் ஓணானை வாங்கும் நிலையில் இல்லை என்பது என் கருத்து.

"நடைபாதையில் மனிதனே குளிரில் கிடக்கும் தில்லியில் ஓணானுக்கு வெப்ப விளக்கா?" என்று இன்னொருவர் கேட்டார். இக்கேள்வி என்னைச் சுட்டது. இன்னும் சுடுகிறது. நடைபாதை மனிதனுக்கு நாம் பட்ட கடன் இதைவிடப் பெரிது, ஐயமே இல்லை. ஆனால் பெரிய கடனைக் காட்டிச் சிறிய கடனை இல்லை என்று சொல்ல முடியுமா? அதிலும் இந்தக் கடன் நாமே வலியச் சென்று வாங்கியது. எங்கள் அறைக்கு வரவேண்டும் என்று தாத்தா கேட்கவில்லை. அந்த நண்பரின் கேள்வி ஓணானை வாங்காமலிருக்கக் காரணமாகலாம். வாங்கியபின் வாடவிடுவதற்குக் காரணமாகாது.

"முடியாவிட்டால் வெளியே விட்டுவிட்டால் போயிற்று" என்பார் சிலர். அதைவிடக் கொடுமை வேறில்லை. தில்லிக் குளிரில் அது சாகும். சாகாமல் பெருகினால் இம்மண்ணின் உயிர்களுக்குக் கேடு. இம்மண்ணின் ஓணானைப் பிடித்து வளர்க்கலாமே என்றால், உடும்பு முதலிய நம் நாட்டு இனங்களை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. காட்டு உயிர் காட்டிலேயே இருக்கட்டும். அயல்நாட்டு இனங்களிலும், அருகிவரும் உயிர்களின் வாணிபம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவற்றை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல் விதிகளும் வந்திருக்கின்றன. பச்சை இகுவானா அப்பட்டியலில் உள்ளது. கடையில் கேட்காவிட்டாலும் நாம் கேட்டுத் தெரிந்துகொள்வது கடமை.

கடைசியாக, விடுமுறை. இதை யாரும் கேட்பதில்லை, ஆகவே நானே சொல்கிறேன். மே மாதத்தில் எங்கள் மாடி அறை பகலில் 40 டிகிரியைத் தாண்டிற்று. வெயில் பிராணிக்கு வெயில் என்ன செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள். விளக்கே எரியாவிட்டாலும் அப்போது பெட்டியில் நிழல் என்ற ஒன்று இல்லை. கீழ்த்தளத்து வீட்டுக்கார அம்மாவின் கூடத்தில், கூலர் ஓடும் இடத்தில், பெட்டியை இறக்கி வைக்க அவர் மனமிரங்கினார். அவர் இல்லாவிட்டால் தாத்தா இல்லை. மின்சாரம் போனால் ஓடிவர ஆள் வேண்டுமே என்று நானும் தோழனும் முறைபோட்டுக்கொண்டோம். ஒன்றரை மாத விடுமுறையில் நான் கோவில்பட்டிக்குப் போனது பத்து நாள்தான். "ஓந்திக்காகவா வராம இருந்த?" என்று அம்மா கேட்டார். ஆம் என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை.

மூவருக்கும் ஒரு வேண்டுகோள்

தாத்தா பிழைத்துக்கொண்டது. தாடை உறுதியாகிவிட்டது. வயிற்றுப் புண் ஆறிவிட்டது. வலக்கால் மட்டும் நேராகவில்லை. வளைந்து இறுகிய எலும்பை எந்த விளக்கும் நிமிர்த்தாது. காலையில் விளக்கு எரிந்ததும் அது நொண்டி நொண்டிக் கட்டைமேல் ஏறி, எங்கள் ஊர் வேலி ஓணானைப்போலவே தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறது. சூடு போதும் என்றானதும் நொண்டியபடியே குளிர்ந்த கோடிக்குப் போகிறது. அந்த நாலடி நடையைத் தினமும் பார்க்கிறேன். நான் வாங்கிய முழு மதிப்பெண்ணைத் தினமும் அது திருத்துகிறது.

ஓணான் வாங்க எண்ணியிருக்கும் நண்பர்கள் மூவருக்கும் சொல்கிறேன். உங்களைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. ஒன்றே ஒன்று செய்யுங்கள். பெட்டியை முதலில் செய்யுங்கள். விளக்கை மாட்டுங்கள், துளை இடுங்கள், வெப்பமானி வையுங்கள். உயிரை வைக்காமல் ஒரு வாரம் ஓட்டுங்கள். காலை, மதியம், மாலை, நள்ளிரவு என்று நான்கு வேளையும் இரு கோடியின் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒருமுறை மின்சாரத்தை நீங்களே அணைத்து, இரண்டு மணி நேரத்தில் பெட்டி எவ்வளவு குளிர்கிறது என்று பாருங்கள். விடுமுறையில் யார் பார்த்துக்கொள்வார் என்பதை அந்த ஏட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரோடு எழுதுங்கள். ஒரு வாரமும் அளவு தவறாமல் நின்றால், கடைசிப் பக்கத்தில் ஒரு பெயரும் இருந்தால், கடைக்குப் போங்கள். நானும் உடன் வருகிறேன். ஏட்டில் ஒரு நாளாவது விட்டுப்போயிருந்தால், பெட்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொள்ளுங்கள். புத்தகங்களுக்குக் குளிராது.

குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு எந்த ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் மாடிக்கு வரலாம். காலை ஒன்பது மணிக்கு வந்தால் தாத்தா வெயில் காய்வதைப் பார்க்கலாம்.